புயி சாக் ஏன் கொழகொழவென்று ஆகிறது?

கொல்கத்தாவில் குடியிருக்கும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டு வங்காள அம்மா கொடுத்த புயி சாக் அவ்வளவு ருசி. நான் செய்தால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. எங்கே தவறு?"

தண்ணீரில்தான் அம்மா. புயி என்பது நம் கொடிப்பசலை. மசியலுக்கு வேகவைக்கிற பழக்கத்தில் நீங்கள் தண்ணீர் விட்டிருப்பீர்கள். அவர்கள் ஒரு சொட்டுக்கூட விடுவதில்லை. கீரையைக் கழுவி, நன்றாக வடியவிட்டு, அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் வழுவழுப்பு அங்கேயே ஆரம்பித்துவிடும்.

தண்டைத் தூக்கி எறியாதீர்கள். சொச்சொரியில், அதாவது காயும் கீரையும் சேர்த்து அவர்கள் செய்கிற இந்தப் பிரட்டலில், பாதி ருசி அதில்தான் இருக்கிறது. விரல் நீளத்துக்கு வெட்டி, முற்றியதில் நாரை மட்டும் உரித்துவிடுங்கள்.

கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி, தீயைத் தணித்து, காய்ந்த மிளகாயும் பாஞ்ச் போரனும் தாளியுங்கள். வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம், சோம்பு, கடுகு, ஐந்தும் முழுதாகவே. பிறகு தண்டு, பரங்கி, உருளை, கத்திரி. உப்பு, மஞ்சள் போட்டு மூடிவிடுங்கள். காய் பாதி வெந்ததும் இலை. முதலில் வாணலிக்கு மேலே குவிந்து நிற்கும். சற்று நேரத்தில் அடங்கி நீர் விடும். மீதி வேக்காடு அந்த நீரிலேயே. பிறகு மூடியை எடுத்துவிட்டு, தீயைக் கூட்டி, நீர் வற்றக் கிளறுங்கள். கடைசியில் ஒரு சிட்டிகை சர்க்கரை. முகம் சுளிக்க வேண்டாம், பரங்கியின் இனிப்போடு அது சேர்ந்துவிடும். கொழகொழப்பு அடியோடு போகாது, போகவும் கூடாது. காயும் கீரையும் ஒட்டிக்கொண்டு சோற்றில் பிசைய வருவது அதனால்தான்.

மீன் சாப்பிடுகிறவர்கள் பொரித்த மீன்தலையை உடைத்துச் சேர்ப்பார்கள். கீரையில் புயி, மீனில் ருயி என்று அங்கே பழமொழியே உண்டு. ருயி என்றால் ரோகு. இருந்தாலும் இந்தக் கீரைக்கு என் ஓட்டு ஹில்சா தலைக்குத்தான். சைவ வீடுகளில் போரி என்கிற பருப்பு வடகத்தைப் பொரித்து நொறுக்கித் தூவுவார்கள். கடிக்க நன்றாக இருக்கும்.

சாப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மீன்குழம்பு இலைக்கு வருவதற்கு முன்பே, சூடான சோற்றில் இதை மட்டும் பிசைந்து சாப்பிடுவார்கள். முற்றிய தண்டை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டு, சக்கையைத் தட்டோரம் ஒதுக்கிவிடலாம். அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்வது உங்கள் விருப்பம், நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.