மதிய இடைவேளையில் ஒரு துணை

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதை மதித்து நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிவைத்த விழாக் குழுவினரே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கூடப் படிப்பவனை நாலு பேர் சேர்ந்து கேலி செய்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள் அவனுக்கு எப்படித் துணை நிற்பது, கேலி செய்கிறவர்களை எப்படித் தடுப்பது, ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவது படித்தபோது எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு வாய் திக்கும். வாசிக்க எழுந்தால் 'ப... ப...' என்று முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். கடைசி பெஞ்சிலிருந்து அதே 'ப... ப...' திரும்பி வரும். மணி அடித்தாலும் விடமாட்டார்கள். டிபன் பாக்ஸ் மூடியை ஒளித்துவைப்பார்கள். எங்கே என்று கேட்க அவன் வாயெடுத்தால் அதற்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஒருநாள் முன்வரிசைப் பையன் ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். யாரையும் திட்டவில்லை. "மூடியைக் குடுங்கடா, அவன் சாப்பிடணும்" என்றான். மூடி வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும், "வா, லைப்ரரிக்குப் போலாம்" என்று கூட்டிக்கொண்டு போனான். திக்குவது போய்விடவில்லை. ஆனால் அடுத்த முறை வாசிக்க எழுந்தபோது அவன் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் வம்பு நின்றிருக்கிறது. சிறு துரும்பு என்றேனே, இதுதான்!

சரி, அந்த இரண்டு பேரும் போவதற்கு ஒரு நூலகம் திறந்திருந்ததே, கவனித்தீர்களா? ஏறும் மேடையெல்லாம் நான் கேட்பது இதுதான்: மதிய இடைவேளையில் நூலகத்தைப் பூட்டாதீர்கள். படிக்கட்டுக்குக் கீழே, கழிப்பறை வாசலில், ஆசிரியர் கண்ணுக்குப் படாத இடத்தில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர் ஒருவர் இருக்கும் அறை அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் சாப்பிட நேரம் வேண்டுமே, அதனால் பெற்றோர் முறைவைத்து உட்காரலாம்.

மற்ற இரண்டு செய்திக்கும் நேரமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆசிரியரிடம் சொல்வது கோள் மூட்டுவது ஆகாது. கேலிக்கு ஆளானவனிடம் கேட்டுக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு மதியம் தரக்கூடிய பெற்றோர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். நூலகச் சாவி தலைமையாசிரியர் அம்மாவிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.