பரிமாறுகிறவளுக்கு வசனம் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

பெண்ணிய நாடகம் பற்றிப் பேசக் கேட்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு பாத்திரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

பிரித்தானிய நாடகாசிரியை கரில் சர்ச்சில் எழுதிய ‘டொப் கேர்ள்ஸ்’ 1982இல் லண்டன் ரோயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. மார்கரட் தட்சர் பிரதமராக இருந்த காலம். மார்லீன் என்பவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது, உணவகத்தில் விருந்து வைக்கிறாள். வருகிறவர்கள் சரித்திரத்திலும் கதையிலும் ஓவியத்திலும் வாழ்ந்த பெண்கள். ஆண் வேடத்தில் பாப்பரசரானதாகச் சொல்லப்படும் ஜோன் வருகிறாள். அரசவையில் இருந்து பிறகு பிக்குணியாகிப்போன யப்பானியப் பெண் நிஜோ வருகிறாள். ஒருத்தி முடிக்குமுன் அடுத்தவள் குறுக்கே விழுந்து தான் பட்டதைச் சொல்கிறாள். அந்த மேசைக்குத் தட்டும் போத்தலும் கொண்டுவருகிற பெண்ணுக்கு மட்டும் வசனமே கிடையாது.

கடைசி அங்கத்தில் மார்லீனின் அக்கா ஜோய்ஸ் வருகிறாள். வீடு வீடாகத் துப்புரவு வேலை செய்கிறவள். மார்லீன் பெற்ற பிள்ளையை வளர்த்தவளும் அவள்தான். சகோதரிகள் சண்டை போடுவது தட்சர் அம்மையாரைப் பற்றி. உண்மையில் யார் மேலே போனார்கள், யார் வீட்டில் நின்றார்கள் என்பதைப் பற்றி. பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளைத் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பெண்ணுரிமை பேசுகிற வரவேற்பறைக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தது ஒரு தோட்டத்துப் பிள்ளையாக இருந்திருக்கலாம்.

இனி நம் மேடைக்கு வருவோம். மாசியில் கம்பம் ஊன்றி, தப்பு மேளம் முழங்கத் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தில் ரதியாக வருவது மரபாக ஓர் ஆண். மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது சுற்றி நிற்கிற பெண்கள் அழுகிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சாவு விழுந்தால் ஒப்பாரி வைப்பது அதே பெண்கள்தான். புலம்பத் தெரிந்தவர்கள் பார்வையாளர், புலம்புகிறவர் ஆண்! கூத்தைக் குறை சொல்ல வரவில்லை. அதன் ஆட்டத்துக்கும் அடவுக்கும் நான் அடிமை. ஆனாலும் சர்ச்சில் 1979இல் ‘கிளவுட் நைன்’ எழுதியபோது முதல் அங்கத்து மனைவியை ஓர் ஆண் நடிக்கும்படி வைத்தார். ஆண்களுக்குப் பிடித்தபடி தன்னை வார்த்துக்கொண்டவள் அவள் என்பதைப் பார்க்கிறவர் உணரவேண்டும் என்பதற்காக. அங்கே அது கேள்வி. இங்கே வழக்கம்.

பெண் ஏன் ஆட வரவில்லை என்று கேட்டால் ‘கூச்சம்’ என்பார்கள். நான் நேரம் என்பேன். விடியுமுன் சமையல், கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விடுதல், பிறகு மலை. கவ்வாத்து வெட்டுகிற, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற, ஆண் அன்றைய கணக்கு முடித்து மத்தியானத்தோடு வீடு திரும்பலாம். கொழுந்து எடுக்கிறவள் மாலை நிறுவை முடியும்வரை நிற்கவேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனதே 1984இல்தான். சம்பளம் சமமானது, அந்த மாலைப்பொழுது சமமாகவில்லை. கூத்துப் பழகுவது அந்த நேரத்தில்தான்.

கொழும்பு மேடைகளில் கூடை மாட்டிச் சிரித்தபடி ஆடும் கொழுந்து நடனத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதில் தராசு வந்து பார்த்ததில்லை. கொழுந்தின் ஈரத்துக்கு, சாக்கின் எடைக்கு என்று நிறுவையில் வெட்டப்படுகிற கிலோவை வைத்தே ஒரு முழு நாடகம் போடலாம்.

நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடி ஆட்களைத் திரட்டினார், உரிமைப் பாடல்களை அச்சிட்டும் கொடுத்தார். இன்றும் அவரைத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி என்றுதான் அறிமுகப்படுத்துகிறோம். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கொடுப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர், மேடை நாற்காலியில் எத்தனை பேர் என்று எந்த மே தினக் கூட்டத்திலும் எண்ணிப் பாருங்கள்.

நாடகப் பட்டறை நடத்த மலையேறி வருகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பணிசும் தேநீரும் சான்றிதழும் சரி. பட்டறைக்கு வந்த நாளில் கொழுந்து எடுக்கிறவளுக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய நாள் சம்பளக் கணக்கில் ஏறாது. அந்த ஒரு பேரின் சம்பளத்தைக் கையில் கொடுங்கள். லைட் வாடகையைச் செலவில் எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரியாக எழுதலாம்.

வணக்கம்.