ஈரக் கையோடு தொடலாம்: சிப்பி வைத்தால் பேசும் ஓலைக் கொட்டான்

[காட்சி: கீழக்கரை வீட்டு அடுக்களை. மீன் செதில் ஒட்டிய விரல் ஃபோன் திரையைத் தொடுகிறது.]

குரல்: தம்பி துபாயிலிருந்து குரல்பதிவு அனுப்பியிருக்கிறான். உம்மா மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறார். தொட்டால் திரை எங்கெங்கோ தாவுகிறது. “கையக் கழுவித் துடைச்சிட்டு வர்ற வரைக்கும் மனசு கெடக்க மாட்டேங்குது” என்கிறார்.

தவறு அவர் கையில் இல்லை. விரல் பட்டதும் மின்புலம் கொஞ்சம் மாறும். அதை வைத்துத்தான் தொட்ட இடத்தைத் தொடுதிரை கண்டுபிடிக்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், துளியையும் விரல் என்றே எடுத்துக்கொள்கிறது.

[காட்சி: உருளும் கோலிக்குண்டு]

லண்டனில் படித்த வடிவமைப்பாளர் ட்யூரெல் பிஷப் 1992-ல் ஒரு பதில்கருவியை, அதாவது ஆள் எடுக்காத தொலைபேசி அழைப்பில் பேசியதைப் பதிந்து வைக்கும் கருவியை, வடிவமைத்துக் காட்டினார். வந்த ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கோலிக்குண்டு உருண்டு வரும். எடுத்துக் குழியில் வைத்தால் குரல் கேட்கும். இன்னோரிடத்தில் வைத்தால் பேசியவருக்கே அழைப்பு போகும். எத்தனை அழகான யோசனை!

[காட்சி: மரப்பலகை, அதன்மேல் ஓலைக் கொட்டான்]

உம்மாவுக்காக நான் செய்தது இது. ஆளுக்கொரு சிப்பி. யாருடைய சிப்பியைக் கொட்டானில் வைக்கிறாரோ, அவர் அனுப்பிய குரல்பதிவு கேட்கும். சிப்பியின் உள்பக்கம் என்எஃப்சி ஸ்டிக்கர், அதாவது ரீடர் என்ற படிக்கும் கருவியின் கிட்டே போனாலே தான் யார் என்று சொல்லும் சின்னச் சில்லு. அதற்கு பேட்டரி கிடையாது. பலகைக்கு அடியில் உள்ள ரீடரின் காந்தப்புலம், சில சென்டிமீட்டர் தூரத்தில், அதற்குத் தேவையான மின்சாரத்தைக் கொடுத்துவிடும். கடற்காற்றில் களிம்பேற வெளியே செம்பு முனை எதுவுமில்லை. முதலில் எவர்சில்வர் கிண்ணம் வைத்துப் பார்த்தேன், வேலை செய்யவில்லை. உலோகம் காந்தப்புலத்தை அடக்கிவிடும். பனையோலை தடுக்காது.

சரி, சிப்பியை வைத்ததும் குரல் வந்துவிட வேண்டுமா? நான் மூன்று விநாடி விட்டிருக்கிறேன். உம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு உட்கார அந்த நேரம் வேண்டும். ஆனால் வைத்த அந்த நொடியே பலகை லேசாக அதிர வேண்டும். அந்த அதிர்வை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து, சிப்பியைத் தூக்கித் தூக்கி வைத்தார். கைக்குப் பதில் கிடைத்தால்தான் காத்திருப்பு நிதானம் ஆகும், இல்லாவிட்டால் அது வெறும் தாமதம்.

ஸ்வீடனின் வடிவமைப்பு ஆய்வாளர்கள் லார்ஸ் ஹால்னாஸ், யோஹான் ரெட்ஸ்ட்ரோம் இருவரும் 2001-ல் ‘மெதுவான தொழில்நுட்பம்’ பற்றி எழுதினார்கள். வேலையை விரட்டாமல், மனிதர் நின்று யோசிக்க இடம் தரும் கருவிகள் வேண்டும் என்றார்கள். மோட்டாரை நிறுத்துவது, கேஸை அடைப்பது போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே உடனே நடக்க வேண்டும்.

[காட்சி: உம்மாவின் விரல் சிப்பிகளைத் தடவுகிறது]

அப்புறம் உம்மா ஒரு திருத்தம் சொன்னார். எல்லாச் சிப்பியும் ஒரே மாதிரி, கண்ணாடி போடாமல் யாருடையது என்று தெரியவில்லையாம். இப்போது தம்பிக்கு வரிவரியான சிப்பி, தங்கைக்கு வழவழப்பானது.