கப்பல் ஏறும் முன்னே கொடுத்த பணம்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கத்து ஆள் நான், ரொம்ப வருஷம் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். வெளிநாட்டில் நடக்கிற சேர்ப்பியல் மாநாட்டுக்கு நம் ஆராய்ச்சிப் பிள்ளைகள் போய்வர ஆகும் பணத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ரேடியோவை அணைத்துவிடாதீர்கள், கணக்கு இரண்டே நிமிஷம்தான்.

சேர்ப்பியல் என்றால் ஒரு காரியத்தை எத்தனை விதமாகச் செய்யலாம் என்று எண்ணுவது. தட்டில் நாலு வர்க்கி இருக்கிறது, கூறு போடுங்கள். நாலும் ஒரே கூறு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், அப்புறம் எல்லாம் தனித்தனி. ஆக 5 வழி. ஒன்பது வர்க்கிக்கு 30 வழி, பதினாலுக்கு 135, நூறுக்கோ 19 கோடியைத் தாண்டிவிடும். நாலிலோ ஒன்பதிலோ முடிகிற எந்த எண்ணை எடுத்தாலும் சரி, வழிகளின் எண்ணிக்கை 5-ஆல் மீதியில்லாமல் வகுபடும். இதைக் கண்டு சொன்னவர் நம்ம ராமானுஜன்.

அவர் பேர் வந்துவிட்டது, விட மனசில்லை. சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்ததும், 1913-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கணக்குப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போட்டதும் எல்லாருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் பணம் எப்படி வந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 1914 தொடக்கத்தில் சென்னைக்குப் பாடம் நடத்த வந்த கேம்பிரிட்ஜ்காரர் நெவில், இவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பச் சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகத்தாரிடம் வாதாடினார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கவர்னர் வரைக்கும் சிபாரிசைக் கொண்டுபோனார். பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. கப்பல் கட்டணம் தனி, அந்த ஊர்க் குளிருக்கு வேண்டிய துணிமணிச் செலவும் தனி. உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் வீட்டுக்குப் போகவும் ஏற்பாடு ஆனது. மார்ச் 17-ஆம் தேதி கப்பல் ஏறினார். இதைக் கவனியுங்கள்: கப்பல் கட்டணத்தை யாரும் அவரைக் கடன் வாங்கிக் கட்டச் சொல்லவில்லை, போய்விட்டு வந்து ரசீது கொடு என்றும் சொல்லவில்லை. முன்கூட்டியே கொடுத்தார்கள்.

இன்றைக்கு உதவியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தேசிய உயர்கணித வாரியம் இருக்கிறது, மத்திய அரசின் வேறு திட்டங்களும் இருக்கின்றன, மாநாடு நடத்துகிறவர்களே சில பேருக்குச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் முதலில் கைக்காசைப் போட்டுப் போய்வர வேண்டும், பணம் பிறகுதான் வரும்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இந்தக் கூறு போடும் கணக்கில்தான் அவள் ஆராய்ச்சி. ஐரோப்பாவில் மாநாடு, கட்டுரையும் ஏற்றுக்கொண்டார்கள், பயண உதவியும் உறுதியானது. ஆனால் விமான டிக்கெட்டுக்கு 82,000 ரூபாய் முதலில் அவள் கட்ட வேண்டும். அம்மாவின் நகை அடகுக்குப் போனது. அங்கே ஒரு டீ இடைவேளையில், அவள் ஒரு வருஷமாக மாட்டிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்த ஒரு பெரியவர், "இந்தப் பக்கமிருந்து எண்ணிப் பாரேன்" என்று சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி ஒரே மாதத்தில் நிரூபணத்தை முடித்துவிட்டாள். இதுதான், நேரில் போகாமல் கிடைக்காதது இதுதான். அப்புறம் பில் அனுப்பினாள். போர்டிங் பாஸைப் பிளாஸ்டிக் கவரில் சான்றிதழோடு பத்திரமாகத்தான் வைத்திருந்தாள், ஆனாலும் எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டது. ஃபைல் திரும்பி வந்தது. பணம் கைக்கு வர எட்டு மாதம். அதுவரைக்கும் நகைக்கு வட்டி கட்டியது அவள் அப்பா.

இலையை ஃபேக்டரிக்குப் போட்டுவிட்டு அடுத்த மாதம் பணத்துக்குக் காத்திருப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் பறித்தவருக்குக் கூலியை அந்த வாரமே கொடுத்தாக வேண்டும், இல்லையா? மாணவர் விஷயத்திலும் அதேதான். உதவி உறுதி என்று கடிதம் கொடுத்த அன்றைக்கே டிக்கெட் பணத்தையாவது முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள், மீதியை ரசீது பார்த்துக் கொடுங்கள். முன்பணம், முன்பணம். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன், பரவாயில்லை.

விசாவுக்காக மலை இறங்கி அலைகிற கதையும் வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. சட்டென்று ஒன்று மட்டும். பழைய மாணவர் சங்கங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சுழல்நிதி வைத்தால் போதும், டிக்கெட்டுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அரசுப் பணம் வந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கிளம்புகிற பிள்ளைகளே, போர்டிங் பாஸை விமானம் ஏறுமுன்பே போனில் படம் பிடித்து வைத்துவிடுங்கள். வணக்கம்.