ஒரு தெரு தள்ளிப் போன சாலை

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கா போய் வந்தேன் என்றதும் பலரும் கிராண்ட் கேன்யனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பார்த்தேன், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் என் மனத்தை விட்டுப் போகாமல் இருப்பது, அங்கிருந்து லாஸ் வேகஸ் திரும்பும் வழியில் காபி குடிக்க இறங்கினோமே, செலிக்மன் என்ற அந்தச் சின்ன ஊர். அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். கடைகள் இருக்கும் முக்கியமான தெரு ஒன்றுதான். அந்தத் தெருதான் ரூட் 66.

ரூட் 66 என்பது 1926-ல் எண் கொடுக்கப்பட்ட நெடுஞ்சாலை. சிகாகோவில் தொடங்கி எட்டு மாநிலங்களைக் கடந்து, பின்னாளில் சான்டா மோனிக்கா கடற்கரை வரை நீண்டது. ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். 1930-களில் புழுதிப் புயலிலும் பொருளாதார வீழ்ச்சியிலும் நிலத்தை இழந்த ஒக்லஹோமா பக்கத்து விவசாயிகள், மெத்தையும் பாத்திரமுமாகப் பழைய கார்களில் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனது இந்தச் சாலையில்தான். வழியில் இருந்த ஊர்களுக்குப் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி என்று எல்லாப் பிழைப்பும் இதனால் வந்தது.

செலிக்மனில் 1927-ல் பிறந்தவர் ஏஞ்சல் டெல்கடியோ. மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அப்பா இங்கே சலூன் வைத்திருந்தார், கூடவே பில்லியர்ட்ஸ் கூடமும். வாசலிலேயே ரூட் 66. ஆனால் 1933-ல் சாலையை அடுத்த தெருவுக்கு மாற்றினார்கள். ஒரே ஒரு தெரு. வண்டியில் வருகிறவர் கண்ணுக்குக் கடை தெரியவில்லை. அவ்வளவுதான், வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் குடும்பமும் சாமான்களைக் காரில் ஏற்றிக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்படத் தயாராகிவிட்டது. போகாமல் தடுத்தது என்ன தெரியுமா? சங்கீதம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து வைத்திருந்த இசைக்குழுவுக்குக் கச்சேரிகள் கிடைத்தன. அதை நம்பி ஊரிலேயே தங்கிவிட்டார்கள்.

ஏஞ்சல் தொழில் கற்றுக்கொண்டு வந்து, அப்பாவைப் போலவே முடிதிருத்துபவர் ஆனார். ரயில்வேயில் வேலை பார்த்த அண்ணன் ஹுவான், அங்கே கழித்துப்போட்ட மரத்தைக் கொண்டே 1953-ல் ஸ்னோ கேப் என்ற ஹாம்பர்கர் கடையைக் கட்டினார். அதன் கதவில் இரண்டு பிடிகள். ஒன்று பொய்ப்பிடி. புதிதாக வருகிறவர் அதைத்தான் பிடித்து இழுப்பார். நானும் இழுத்தேன். உள்ளே இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில், முன்பின் தெரியாத ஊரில் இருக்கிறோம் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது. ஹுவான் 2004-ல் காலமானார். அவர் வைத்துவிட்டுப் போன விளையாட்டு இன்னும் நடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1956-ல் அமெரிக்க அரசு இன்டர்ஸ்டேட் என்ற, மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளுக்கான சட்டம் கொண்டுவந்தது. ரூட் 66 துண்டு துண்டாக ஒதுக்கப்பட்டது. பைபாஸ் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செலிக்மனுக்கு அந்த நாள் 1978 செப்டம்பர் 22. ஊருக்குச் சற்றுத் தெற்கே இன்டர்ஸ்டேட் 40 திறக்கப்பட்டது. காலைவரை வண்டிகள் ஓயாமல் போன தெரு, அன்றே வெறிச்சோடியது. ஏழு வயதுக்குள் அப்பாவின் கடை முன்னால் நடந்ததைப் பார்த்த ஏஞ்சல், ஐம்பதைத் தாண்டிய பிறகு ஊருக்கே அது நடப்பதைப் பார்த்தார். 1985-ல் ரூட் 66 என்ற எண்ணையே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கடைகள் மூடின, பலர் ஊரை விட்டுப் போனார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஏஞ்சலும் போயிருக்கலாம். 1987 பிப்ரவரியில் அவர் செய்தது ஒரு கூட்டம் போட்டது. செலிக்மனிலிருந்தும் கிங்மன் ஊரிலிருந்தும் வந்தவர்கள் ஒரு கைக்கு அடங்கும் கூட்டம்தான். அரிசோனாவின் ரூட் 66 சங்கம் அங்கே பிறந்தது. மாநில அரசுக்கு விடாமல் எழுதினார்கள், நேரில் போய்க் கேட்டார்கள். இந்தச் சாலைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு பலகை நட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அந்த ஆண்டு முடிவதற்குள் செலிக்மன் முதல் கிங்மன் வரையான பகுதி வரலாற்றுச் சாலையாக அறிவிக்கப்பட்டது. அப்புறம் மற்ற மாநிலங்களிலும் இதே போலச் சங்கங்கள் எழுந்தன.

இதை ஏன் ஒரு முடிதிருத்துபவர் செய்தார் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுப்பது அந்தத் தொழிலோடு வருவது. ஊரில் யார் என்ன நினைக்கிறார் என்பது அந்தக் கடைக்குத் தெரிந்த அளவு வேறு எங்கே தெரியும்? அவருடைய பழைய நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. சுவரில் உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் விட்டுப்போன விசிட்டிங் கார்டுகள்.

அன்று நாங்கள் திரும்ப இன்டர்ஸ்டேட்டில் ஏறவில்லை. கிங்மன் வரை பழைய சாலையிலேயே போனோம். அது வடக்கே வளைந்து, ஹுவாலபாய் பழங்குடி மக்களின் பீச் ஸ்பிரிங்ஸ் ஊர் வழியாகப் போகிறது; தூரமும் கூடுதல். ஓரத்தில் பர்மா ஷேவ் என்ற சவரக் க்ரீமின் பழைய விளம்பரப் பாணியில் பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஒரு பாட்டின் அடிகளைப் பிரித்து, பலகைக்கு ஒன்றாக எழுதியிருக்கும். மெதுவாகப் போனால்தான் படிக்க முடியும். முதல் வரிசையை வேகத்தில் தவறவிட்டோம். அடுத்தது வந்தபோது மருமகன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பேத்தி ஒவ்வொரு பலகையையும் உரக்கப் படித்தாள், கடைசி அடி வரும்வரை யாரும் பேசவில்லை.