எடை குறைந்த காருக்கு எந்த டயர்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும்போது என்ஜினின் குதிரைத்திறனுக்கு அடுத்தபடியாக அதிகம் அலசப்படுவது டயர்தான். ஆனால் அந்த அலசலில் பெரும்பகுதி, 1,500 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள கார்களை ஓட்டியவர்களின் அனுபவத்திலிருந்து வருவது. அவற்றுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு டயர், அதில் பாதி எடையுள்ள காருக்குப் பொருந்தாமல் போவது உண்டு. அது ஏன் என்பதையும், சாலையிலும் பந்தயத் தடத்திலும் ஒரே காரை ஓட்ட விரும்புகிறவர் எந்த அடிப்படையில் டயரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும், இங்கிலாந்தின் லோட்டஸ் எலீஸ் என்ற காரை மட்டும் எடுத்துக்கொண்டு பேசவிருக்கிறேன். ஒரு காரின் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொண்டால், மஸ்தா எம்.எக்ஸ்-5 போன்ற மற்ற இலகு கார்களின் கணக்கை அவரவரே போட்டுப் பார்த்துக்கொள்ள முடியும்.

எலீஸ் 1996-இல் விற்பனைக்கு வந்தது. நார்ஃபோக் மாவட்டத்தில் ஹெத்தெல் என்னும் ஊரில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத்தளம் ஒன்றின் மீது அமைந்த தொழிற்சாலையில் அது தயாரானது. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் அடிச்சட்டத்தின் எடை வெறும் 68 கிலோ. முதல் தலைமுறைக் காரின் மொத்த எடையே ஏறத்தாழ 725 கிலோதான். பின்னர் டொயோட்டாவின் 1.8 லிட்டர் என்ஜினுடன் வந்த இரண்டாம் தலைமுறைக் கார் சுமார் 860 கிலோவுக்கு வளர்ந்தது. என்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், எடையில் சுமார் 38 சதவீதம் முன்சக்கரங்களிலும் 62 சதவீதம் பின்சக்கரங்களிலும் விழுகிறது. அதாவது ஆள் ஏறாத நிலையில் ஒரு முன்சக்கரம் தாங்குவது சுமார் 165 கிலோ, ஒரு பின்சக்கரம் தாங்குவது சுமார் 265 கிலோ.

இந்த இரண்டாம் தலைமுறைக் காருக்குத் தொழிற்சாலை கொடுத்த டயரின் அளவு முன்னால் 175/55 ஆர்16, பின்னால் 225/45 ஆர்17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது; மூன்றாவது, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அளவுக்குப் பக்கத்தில் சுமைக் குறியீடு என்று இன்னோர் எண்ணும் இருக்கும். முன் டயரில் அந்த எண் 80 என்றிருந்தால், அந்த டயர் 450 கிலோ வரை தாங்க வல்லது என்று பொருள். அது தாங்க வேண்டியதோ 165 கிலோ. ஓட்டுநரையும் பெட்டியையும் சேர்த்தாலும் 200-ஐ எட்டாது. இலகு காரின் டயர் தேர்வு முழுவதும் இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்குகிறது. 2008-இல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டர், எலீஸின் அடிச்சட்டத்தைத் தழுவி உருவாக்கப்பட்டது. மின்கலங்களால் அதன் எடை 1,200 கிலோவைத் தாண்டியபோதும் இதே டயர் அளவுகளே போதுமானவையாக இருந்தன. எலீஸில் எவ்வளவு தாங்குதிறன் பயன்படாமல் கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பள்ளிப் பாடத்தில், உராய்வு விசை எடைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று படித்திருப்போம். ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. டயரின் மேல் சுமை இரு மடங்கானால் பிடிப்பும் கூடும்; ஆனால் இரு மடங்காகாது, அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். இதைத் திருப்பிப் பார்த்தால், சுமை குறையக் குறைய ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு அதிகரிக்கிறது. ஆகவே சாதாரண டயரிலேயே இலகு கார் ஒரு வளைவைத் தன்னைவிடக் கனமான காரைக் காட்டிலும் வேகமாகக் கடக்க முடிகிறது. இவ்வளவும் சாதகமான செய்தி.

பாதகமான செய்தி வெப்பத்தில் இருக்கிறது. ரப்பர் கலவை ஒவ்வொன்றுக்கும் அது நன்றாகப் பிடிக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. சாலைக்கான கோடைக்கால டயர், சுற்றுப்புற வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது விறைக்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் அது ஓரளவு எப்போதும் வேலை செய்யும். பந்தயத் தடத்துக்கான கலவையோ ஏறத்தாழ 70 முதல் 100 டிகிரி வரை சூடேறினால்தான் தன் முழுப் பிடிப்பைக் காட்டும். அந்தச் சூடு வெளியிலிருந்து வருவதில்லை. டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் நசுங்கி மீள்வதாலும், தரையில் சற்றே வழுக்கி உரசுவதாலும் உண்டாவது. நசுக்குவதற்கு எடை வேண்டும். 165 கிலோ சுமக்கும் டயருக்குள் போகும் வெப்பம், 400 கிலோ சுமக்கும் டயருக்குள் போவதில் ஒரு பங்குதான். கல் காயாமல் மாவை ஊற்றிவிட்டுத் தோசை வரவில்லையே என்று மாவைக் குறை சொல்வதைப் போலத்தான், இலகு காரில் மிகக் கடினமான பந்தய டயரை மாட்டிவிட்டு அது பிடிக்கவில்லை என்று தயாரிப்பாளரைக் குறை சொல்வதும்.

அகலமான டயர் போட்டால் பிடிப்புக் கூடும் என்ற நம்பிக்கை இங்கேதான் தடுமாறுகிறது. டயரின் அகலம் கூடினால் அதன் எடையும், சூடேற்ற வேண்டிய ரப்பரின் அளவும் கூடும். காற்றுக்குச் சூட்டை இழக்கும் பரப்பும் கூடும். உள்ளே போகும் வெப்பமோ அதேதான். தவிர, சக்கரத்தோடு சுழலும் ஒவ்வொரு கிலோவும் சஸ்பென்ஷன் அடக்க வேண்டிய எடை. காரின் எடை குறைவாக இருக்க இருக்க அந்த ஒரு கிலோவின் தொந்தரவு பெரிதாகத் தெரியும். எலீஸுக்குப் பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. முன்னால் 175 மில்லிமீட்டர் என்ற, இன்றைய கண்ணுக்குச் சிறிய ஹேட்ச்பேக் காருக்குரியதாகத் தோன்றும் அளவை லோட்டஸ் பொறியாளர்கள் தேர்ந்ததைச் சிக்கனம் என்று நான் நினைக்கவில்லை. நிதானமான தீர்மானம் என்றே கருதுகிறேன்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இலகு காரின் ஆபத்துகளில் பலரும் எதிர்பாராதது இதுதான். டயரின் முன்னால் தேங்கும் நீரை விலக்கித் தரையைத் தொடுவதற்கு, டயர் தரையை அழுத்தும் அழுத்தமே ஆதாரம். அந்த அழுத்தம் ஏறத்தாழ உள்ளே அடைத்திருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் வால்டர் ஹார்ன் என்ற ஆய்வாளர், விமானச் சக்கரங்களை வைத்து 1960-களில் ஒரு எளிய சூத்திரத்தை வகுத்தார்: காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அளவில் கிடைக்கும் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). 36 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயருக்கு அது மணிக்கு 100 கிலோமீட்டர், 25 பி.எஸ்.ஐ. உள்ள டயருக்கு 83 கிலோமீட்டர். வழவழப்பாகத் தேய்ந்த டயரும் ஆழமான நீரும் சேர்ந்தால் நேரும் நிலை இது. ஆழமான பள்ளங்கள் உள்ள நல்ல டயரில் இந்த எல்லை இன்னும் மேலே இருக்கும். இருந்தாலும் முன்னால் சுமார் 26, பின்னால் சுமார் 29 பி.எஸ்.ஐ. என்று குறைந்த அழுத்தத்தில் ஓடும் எலீஸ், நீர் தேங்கிய சாலையில் கனமான காரைவிட முன்னதாகவே மிதக்கும் என்பதில் ஐயமில்லை. அதன் டயரை அகலமாக்குவது அந்த நிலையை மேலும் மோசமாக்கும்.

இனி டயர் வகைகள். அமெரிக்கச் சந்தைக்கான டயர்களின் பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் பொறித்திருப்பார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரைச் சுற்றியுள்ள சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று மதிப்பிட்ட ஓர் அளவுகோல் டயருடன் தேய்மானத்தை ஒப்பிட்டுத் தரும் எண் அது. எண்ணைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளரே என்பதால் இரு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பயன் குறைவு. ஆனால் வகையை அறிய உதவும். 300-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் உள்ளவை நல்ல சாலை டயர்கள். 200-ஐ ஒட்டியவை சாலையிலும் தடத்திலும் ஓடத்தக்கவை. 100-க்குக் கீழே உள்ளவை செமி ஸ்லிக் எனப்படும், சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் பந்தய டயர்கள். எலீஸுக்கு லோட்டஸே இந்த வகைகளில் இரண்டைத் தந்தது. யோகோஹாமா நிறுவனத்தின் அட்வான் நியோவா ஏ.டி.07 என்ற டயரின் எண் 180. ஸ்போர்ட் பொதி என்ற விருப்பத் தொகுப்பில் வந்த ஏ048 டயரின் எண் 60. இரண்டிலும் எல்.டி.எஸ். என்ற முத்திரை இருக்கும். இந்தக் காருக்கென்றே தனியாகச் செய்த கட்டமைப்பும் கலவையும் கொண்டவை என்பதற்கான அடையாளம் அது. ஒரே பெயருள்ள டயரை முத்திரை இல்லாமல் வாங்கினால் அது வேறு காரை மனத்தில் வைத்துச் செய்ததாக இருக்கக்கூடும்.

ஏ048 உலர்ந்த தடத்தில் அற்புதமான டயர். கலவை மிக மென்மையாக இருப்பதால் இலகு காரும் அதைச் சூடேற்றிவிடும். ஆனால் ஹெத்தெலிலிருந்து சற்றுத் தொலைவில் அதே மாவட்டத்தில் உள்ள ஸ்னெட்டர்ட்டன் தடத்துக்கு ஒருவர் மார்ச் மாதக் காலையில் அந்த டயருடன் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் 4 டிகிரி. சாலை ஈரமாக இருக்கிறது. வழியில் எங்கும் டயரைச் சூடேற்றும் அளவுக்கு ஓட்டச் சட்டமும் இடம் தராது, புத்தியும் இடம் தரக்கூடாது. பள்ளங்கள் குறைந்த, குளிர்ந்து விறைத்த டயருடன், என்ஜின் பின்னால் உள்ள காரில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். தடத்தில் சேமிக்கும் இரண்டு மூன்று விநாடிகளுக்கு இது மிகையான விலை என்பது என் கருத்து. ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் தடத்துக்குப் போகிறவருக்கு 200-ஐ ஒட்டிய வகைதான் ஏற்றது. அதைவிட அடிக்கடி போகிறவர் செமி ஸ்லிக் மாட்டிய இரண்டாவது ரிம் தொகுதி ஒன்றை வைத்துக்கொண்டு, தடத்தில் மாற்றிக்கொள்வதே முறை. எலீஸில் நான்கு சக்கரங்களை ஏற்றிச் செல்ல இடம் ஏது என்று கேட்பீர்கள். இல்லைதான், கூட வரும் நண்பரின் வாகனம் வேண்டும். வெயில் நாடுகளில் இந்தக் கணக்கு மாறும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் தார், நண்பகல் வெயிலில் ஸ்னெட்டர்ட்டனில் காண முடியாத சூட்டை எட்டும். அங்கே டயர் சூடேறாத கவலையைவிட, மிகையாகச் சூடேறிக் குழையும் கவலைதான் முன்னே நிற்கும்.

முன்பின் சமநிலை, அளவை மாற்றும் ஒவ்வொருவரும் தொடும் விஷயம். ஸ்போர்ட் பொதியில் முன் டயர் 195/50 ஆர்16. அதன் விட்டம் ஏறத்தாழ 601 மில்லிமீட்டர். 175/55 டயரின் விட்டம் 599. ஆகவே சக்கரங்களின் சுழல்வேகத்தை ஒப்பிட்டு, பிரேக் பிடிக்கையில் அவை பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு குழம்பாது. ஆனால் முன்னால் 20 மில்லிமீட்டர் கூடுவது, அண்டர்ஸ்டியர் என்ற, மூக்கு வெளியே ஓடும் குணத்தைக் குறைத்து, பின்பக்கத்தின் மேல் பொறுப்பைக் கூட்டுகிறது. தடத்தில் பழகியவருக்கு அது இனிக்கும். 175/55 ஆர்16 கடைகளில் எளிதில் கிடைக்காத அளவு என்பதால் சிலர் காரணம் வேறாக இருந்தும் 195-க்கு மாறுகிறார்கள். அவர்கள் முதல் மழையில் வேகத்தைக் குறைத்து காரின் புதிய குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் ஒரு நிறுவனம், பின்னால் வேறொரு நிறுவனம் என்று கலப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க இயலாது. கிடைப்பதைப் பின்னால் மாட்டிவிட்டுப் புதிய மென்மையான டயரை முன்னால் போடுவது அதில் மிகவும் கெட்ட வகை.

வாங்கும்போது பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னே வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. இலகு கார் டயரைத் தேய்ப்பது குறைவு. வாரக்கடைசியில் மட்டும் ஓடும் காரோ இன்னும் குறைவு. அதனால் பள்ளங்கள் ஆழமாக இருக்கும்போதே ரப்பர் இறுகிப் போன டயர்கள் இந்தக் கார்களில் சாதாரணம். 1.6 மில்லிமீட்டர் என்ற சட்ட எல்லையை அது எட்டவில்லை என்பதால் நல்ல டயர் ஆகிவிடாது.

கடைசியாகக் காற்றழுத்தம். மூடிய டயருக்குள் காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். காலையில் 20 டிகிரியில் 2 பார் (சுமார் 29 பி.எஸ்.ஐ.) அடைத்த டயர், தடத்தில் 60 டிகிரியை எட்டும்போது சுமார் 2.4 பார் காட்டும். ஆகவே தடத்தில் முக்கியமானது சூடான நிலையின் அழுத்தம். சில சுற்றுகள் ஓட்டி உள்ளே வந்ததும், டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் ஊசி வெப்பமானியால் அளக்க வேண்டும். நடுப்பகுதி இரு விளிம்புகளையும்விடச் சூடாக இருந்தால் காற்று அதிகம். விளிம்புகள் சூடாக இருந்தால் காற்று குறைவு. இலகு காரில் ஒரு பி.எஸ்.ஐ. மாற்றமே ஸ்டியரிங்கில் தெரியும் என்பதால் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். மாலையில் வீடு திரும்புவதற்கு முன் அதை மறக்காமல் நிரப்ப வேண்டும். 65 டிகிரிச் சூட்டில் 29 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி விட்ட டயர், மறுநாள் காலை 10 டிகிரிக் குளிரில் 22-ஐத்தான் காட்டும். ஹார்னின் சூத்திரப்படி அந்த அழுத்தத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் கீழே. நன்றி, வணக்கம்.