வரியைக் குறைத்தால் நாடு வளருமா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘நாடு வளர வழி வரியைக் குறைப்பதா, ஒழுங்காக வாங்கிச் செலவிடுவதா’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், மக்கள் காசை மக்களிடமே விட்டால் கடை ஓடும், தொழில் பெருகும், வரி தானாக வரும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கடைசியிலும் இதையேதான் கேட்டோம்.

அந்தப் பரிசோதனை நம் இலங்கையில் நடந்து முடிந்துவிட்டது ஐயா. 2019 டிசம்பரில், பொருளும் சேவையும் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் வற் (பெறுமதி சேர்) வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. வியாபார வரவின் மீது வாங்கிய ‘தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி’ போனது. சம்பளத்தில் பிடித்துவந்த, உழைக்கும்போதே செலுத்தும் வரியும் போனது. மாதம் 10 இலட்சம் ரூபாய்க்கு விற்றாலே வற்றுக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லையை 250 இலட்சமாக்கினார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. வீதத்தைக் குறைத்தால் மறுபடி கூட்டிவிடலாம். பதிவிலிருந்தே விலகிப்போன வியாபாரியைத் திரும்பக் கொண்டுவர எத்தனை வருடம் ஆகும்? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த வரி வருமானம், 2020இல் 8 சதவீதத்தளவுக்கு இறங்கியது.

‘கொரோனா வந்ததே, அதற்கு வரிக்குறைப்பு என்ன செய்யும்’ என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. ஆனால் கொரோனா எல்லா நாட்டுக்கும் வந்தது. வருமானம் உள்ள நாட்டுக்குக் கடன் கொடுக்க ஆள் இருந்தது. நமக்கோ, கடனைத் திருப்பிக் கட்டுவோமா என்று மதிப்பிடும் நிறுவனங்கள் 2020இலேயே கடன் தரத்தை இறக்கிவிட்டன. வெளிநாட்டுச் சந்தையின் கதவு மூடியது. அப்புறம் மத்திய வங்கி பணத்தை அச்சிட்டு, அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை வாங்கியது. கையிருப்பு டொலர் கரைந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தோம். அந்தச் செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வளர்ச்சி வரும் என்று சொல்லி முதலுக்கே மோசம் செய்துவிட்டார்கள்.

பணவீக்கத்தையும் நான் வரி என்றுதான் சொல்வேன். பாராளுமன்றத்தில் யாரும் கைதூக்காமல், இல்லாதவர்களிடம் முதலில் பிடுங்கிய வரி. யாழ்ப்பாணக் கரையில் குருநகரிலும் பாசையூரிலும் வெளியிணைப்பு இயந்திரப் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். அந்தப் படகு ஓடுவது மண்ணெண்ணெயில். முதலில் மண்ணெண்ணெயே கிடைக்கவில்லை. வெற்றுக் கலனை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பிறகு 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாய் ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது. மானியத்தைத் தாங்கத் திறைசேரியில் என்ன இருந்தது? 2019இல் வருமான வரி குறைந்தபோது இவருக்கு ஒரு சதமும் மிச்சமாகவில்லை. அந்த வரியைக் கட்டும் அளவுக்கு அவர் என்றும் சம்பாதித்ததில்லை. இலாபம் ஒருவருக்கு, வரிசை இன்னொருவருக்கு. இதைத்தான் எதிரணி மக்களின் காசு மக்களிடம் என்கிறது.

வரிக்காசை வீணடிக்கிறார்கள் என்ற கோபம் எனக்கும் உண்டு. விமானங்கள் அதிகம் வராத மத்தளை விமான நிலையத்தை நண்பர் சுட்டிக்காட்டினார். சரி, ஆனால் அது சீனக் கடனில் எழுந்தது. தன் சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்கப்படுகிறவர் கணக்குக் கேட்பார். எங்கோ வாங்கிய கடனுக்கு அன்று யார் கணக்குக் கேட்டோம்? அரசு செலவழித்தால் எல்லாம் வீண் என்றால், 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி வீணா? இந்த மேடையில் இரண்டு அணியிலும் அதில் படிக்காதவர் யாராவது இருக்கிறோமா? நம் ஊர் வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் அந்தச் செலவில் வந்தவர்கள்தானே.

8 சதவீதமாகக் குறைத்த அதே வற், 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வீதம். முன்பிருந்த 15இலும் மூன்று அதிகம். அன்று குறைத்ததால் வந்த வளர்ச்சி எங்கே என்று எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து சொல்லட்டும். ஆண்டையும் சொல்லட்டும், சதவீதத்தையும் சொல்லட்டும். நடுவர் ஐயா, அந்தப் பதிலைக் கேட்டபின் தீர்ப்பை எழுதுங்கள். நன்றி, வணக்கம்.